யோகம்மா பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னது

சப்பான்காரன் குண்டு போட்டதற்கு மறுவருஷம், சல்லிக் கரையில் ஒருவரும் எதையும் நல்லதென்று சொல்வதில்லை. வலையில் மீன் பட்டால் "என்னத்தைப் பட்டது, நாலு சூடை" என்றார்கள். ஆடு இரட்டைக்குட்டி போட்டால் "ரெண்டும் சவலை" என்றார்கள். புதுச்சேலை உடுத்தவளைப் பார்த்து யாராவது வாயைத் திறக்கப் போனால், "உது கிழிஞ்ச சேலை, மடிப்பில தெரியேல்லை" என்று அவளே முந்திக்கொண்டாள். கண்ணூறுக்குப் பயந்து முந்தியும் கொஞ்சம் குறைத்துச் சொல்கிற சனம்தான். இப்போது பயம் கண்ணுக்கு அல்ல, காக்கிக் காற்சட்டைக்கு.

அந்தப் பாடத்தை ஊருக்கு முதன்முதல் படிப்பித்தது யோகம்மாவின் வளவுக் கிணறு.

கடலுக்குக் கிட்ட இருந்தும் உப்புக் கலக்காத தண்ணீர். ஒருநாள் பட்டாளத்து லொறியில் வந்த வெள்ளைக்காரன் ஒருவன் வாசலில் இறங்கிக் குடிக்கக் கேட்டான். யோகம்மாவின் புருஷன் கதிரவேல் ஓடிப்போய் அள்ளிக் கொடுத்தான். கொடுத்ததோடு நின்றிருக்கலாம். கூட வந்த தமிழ் டிரைவரிடம், "துரைக்குச் சொல்லும், இந்தக் கரையில இப்பிடித் தண்ணி ஒரு இடமும் இல்லை, கற்கண்டு மாதிரி" என்றான். வெள்ளைக்காரன் இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்து, கதிரவேலின் தோளில் தட்டிவிட்டுப் போனான். நாலாம் நாள் கிணற்றைச் சுற்றி முள்ளுக்கம்பி வந்தது. ஐந்தாம் நாள் பம்பும் குழாயும் வந்தன. பட்டாளம் கிணற்றை எடுத்ததென்று கதிரவேலின் கையில் ஒரு துண்டுக் கடதாசி வந்தது. அன்று தொடக்கம் யோகம்மா குடத்தோடு கோயில் கிணற்றுக்கு நடக்கிறாள்.

"இஞ்சருங்கோ, வாய்க்குள்ள கற்கண்டு ஏதும் கிடந்தால் துப்பிப்போட்டு வாங்கோ, சாப்பாடு போடுறன்" என்பாள், அவன் துறைமுகத்தில் மூட்டை சுமந்து களைத்து வருகிற நேரமாகப் பார்த்து.

"ஒரு வருஷமாகுது. இன்னும் விடமாட்டியே?"

"ஒருநாள் நீங்கள் குடத்தைத் தூக்கிப் பாருங்கோ. விடுறன்."

பிறகு போனவை அபூதாஹிரின் மாடுகள். கிண்ணியாவிலிருந்து வந்து சாம்பல்தீவுச் சந்தியில் விறகு விற்றுக்கொண்டிருந்தவர் அவர். ஓர் அதிகாரியின் முன்னால் வண்டி மாடுகளின் முதுகில் தட்டி, "ரெண்டும் புலி தொரை, புலி" என்றார். மாட்டின் கொம்பில் நம்பர் எழுதிப் பதிந்துகொண்டு போனார்கள். மறுகிழமை வந்து மாட்டையே கொண்டுபோனார்கள். தோணிகளுக்கும் அதே வழிதான்: முதலில் பதிவு, முன்பக்க அணியத்தில் வெள்ளை நம்பர், ஒரு விடியற்காலையில் தோணி நின்ற இடத்தில் வெறும் மணல். ரோட்டோரத்துப் பெரிய பள்ளிக்கூடமும் அப்படித்தான் போனது. கல்லுச் சுவர், நல்ல ஓடு. இப்போது அதற்குள் பட்டாளத்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. வாத்தியார்மார் மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டார்கள்.

அப்படிப் பள்ளிக்கூடம் இல்லாமல் கிடந்த ஊரில்தான் புஸ்பராணி ரீச்சர் ஒன்றைத் தொடங்கினார். டவுனில் அவர் படிப்பித்த பள்ளிக்கூடமும் இடம்மாறிப் போயிருந்தது. புருஷனுக்குத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. அவரை விட்டுப் போக மனமில்லாமல் சல்லியில் ஒரு வீட்டில் வந்து இருந்தார். தோணி போன பிறகு சும்மா கிடந்த யோகலிங்கத்தின் மீன்வாடியைக் கேட்டு வாங்கி, கூரைக்குத் தென்னங்கிடுகு மாற்றி, உள்ளே கடல்மணல் பரப்பினார். சாமான்பெட்டிப் பலகைக்குக் கரி பூசிக் கரும்பலகையாக்கினார். ஏழு பிள்ளைகளோடு தொடங்கியது, இந்த ஆடிக்கு இருபத்துமூன்று. தமிழ்ப் பிள்ளைகளும் சோனகப் பிள்ளைகளும் கலந்து. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை பள்ளிக்கூடம்.

யோகம்மாவின் ஒரே மகள் பத்மாசனிக்கு எட்டு வயது. அந்த வாடிக்குள் அவள் இருப்பதால்தான் வீட்டிலும் இருந்தாள். கதிரவேல் தெளிவாகச் சொல்லியிருந்தான்.

"இந்தப் பள்ளிக்கூடமும் நிண்டுதெண்டால், பிள்ளையைக் கிளிவெட்டிக்கு அனுப்புறதுதான். அக்கா எத்தினை தரம் கேட்டுவிட்டவ. அங்கை பள்ளிக்கூடம் இருக்கு."

"கிளிவெட்டி என்ன பக்கத்து வளவோ? மூதூருக்கு லாஞ்சு ஓடினால் ஓடும், ஓடாட்டி இல்லை. பிள்ளையைப் பாக்கிறதெண்டால் நான் நீந்தியோ போறது?"

"படிக்காமல் உன்னோட இருந்து கருவாடு பிரட்டவோ?"

கருவாடு பிரட்டுவது என்னவென்று யோகம்மாவுக்குத் தெரியும்.

யோகம்மா மீன் காயப்போடும் இடத்துக்கும் வாடிக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அந்த வேலியில் பெற்றோருக்கெல்லாம் ஆளுக்கொரு ஓட்டை இருந்தது. யோகலிங்கத்தினுடையது இடுப்பு உயரத்தில். தன் வாடிதானே என்ற உரிமையோடு குனிந்து நெடுநேரம் பார்ப்பார். அபூதாஹிரின் மனைவி அசனாவுடையது மூலையில், முக்காடு விலகாமல் பார்க்கத் தோதாக. ரீச்சருக்கு இது தெரியாமலில்லை. "பாக்கிறவை பாக்கட்டும். கிடுகைத்தான் பிய்க்கவேண்டாம்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அசனா தன் மகள் ஸல்ஹாவைக் காலையில் கூட்டிவந்தால் பள்ளிக்கூடம் விடும்வரை யோகம்மாவோடுதான் இருப்பாள். மேற்கிலிருந்து மழையில்லாத கச்சான் காற்று அடித்துக்கொண்டிருக்கும். குடல் எடுத்து, கடல்தண்ணீரில் அலசி, உப்பில் ஊறிய மீனை இருவருமாக ஓலைப்பாயில் பரப்புவார்கள். அந்தக் காற்றுக்கு மீன் ஒரு பகலில் காய்ந்துவிடும். ஆனால் மத்தியானம் ஒருமுறை புரட்டிவிடாவிட்டால் மேற்பக்கம் பொருக்குத் தட்டி அடிப்பக்கம் நாறும். கையில் மீன் இருந்தாலும் இருவருடைய காதும் வாடிக்குள்தான்.

"என்னகா யோகம்மா, இண்டைக்கும் சத்தத்தக் காணல்ல?" என்பாள் அசனா. "எங்கட காலத்துப் பள்ளிக்கூடமெண்டா வாய்ப்பாடு சொல்லுற சத்தம் கடக்கரைக்குக் கேக்கும். பெரம்புச் சத்தம் சந்திக்குக் கேக்கும்."

"அடிக்காத பள்ளிக்கூடமும் ஒரு பள்ளிக்கூடமோ எண்டுதான் எங்கட மனிசனும் கேக்கிறார். இரு, ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்காருவாள்.

"எல்லாம் வட்டமா மண்ணில குந்தியிருந்து ஒரு நண்டைப் பாக்குதுகள்."

"நண்டையா?"

"ஓம். சும்மா மணல் நண்டு. எங்கட குசினிக்குள்ளயும் ஓடுறதுதான்."

"நண்டுல என்னகா படிப்பு இரிக்கி?"

"இது ஏன் நேர ஓடாமல் பக்கவாட்டில ஓடுது எண்டு ரீச்சர் கேக்கிறா."

"ஏன் ஓடுதாம்?"

"அதுக்குள்ள வந்திட்டன்."

"என்ன பொம்புளகா நீ! போய்க் கேட்டு வா. எனக்கும் தெரியாதே."

யோகம்மா திரும்பவும் போவாள். இப்படிப் போய்ப் போய், நண்டின் கால் எந்தப் பக்கம் மடங்கும், மேகம் ஏன் கிழக்கே போய்க் கலைகிறது என்பதெல்லாம் இரண்டு பெண்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருந்தது. ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஊரில் யாராவது கேட்டால், "ஏதோ நடக்குது. ரீச்சரும் பாவம், பொழுது போகவேணுமே" என்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. ரீச்சர் டவுனுக்குப் போயிருந்தார். கதிரவேல் வேலைக்குப் போய்விட்டான். யோகம்மா பாயில் மீனைப் பரப்பிவிட்டு நிமிர்ந்தபோது, பனங்கூடலுக்குள்ளால் குறுக்கு வழியில் அசனா ஓடிவந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. அசனா முக்காடு விலக ஓடிவருவது குண்டு விழுந்த அன்றைக்குப் பிறகு இதுதான்.

"வந்திட்டான்கா, வந்திட்டான்!"

"ஆர்? சப்பான்காரனோ?"

"அவனில்ல. காக்கிக் கால்சட்டை. தொப்பி. கையில பெரிய கொப்பி. பஸ்ஸால எறங்கி மொதல் மொதல் எங்கட ஊட்டுக்குத்தான் வந்தான். பள்ளிக்கூடம் எப்பிடி, நல்லமா, புள்ள படிக்கிதா எண்டு கேக்கான். பள்ளிக்கூடத்தப் பதியப் போறானாம்!"

யோகம்மாவுக்குக் கை ஈரத்தோடு அப்படியே நின்றது.

"பதியவோ?"

"அந்த வாயாலதான் சென்னான். கவுண்மேந்துட பேர்ப் புத்தகத்துல ஏறுமாம்."

"நீ என்ன சொன்னனி?"

"நானா? மாட்டோட நான் படிச்சது போதாதா? கூரை ஒழுகும், ரீச்சருக்கு ஒண்டும் தெரியா, எண்ட புள்ள போனதுக்குத் தெரிஞ்சதையும் மறந்ததுதான் மிச்சமெண்டு சென்னேன். எழுதிக்கிட்டான்."

"நல்ல வேலை செய்தாய்." யோகம்மாவின் மூளை வேகமாக ஓடியது. பெரிய பள்ளிக்கூடத்தை எடுத்ததுபோல வாடியையும் எடுக்கப் போகிறார்கள். கடலுக்குக் கிட்ட, நிழல், புதுக் கிடுகு. பட்டாளத்துக்குத் தோதான இடம். "இஞ்ச பார் அசனா. நீ இந்தப் பக்கத்தால எல்லா வீட்டையும் போ. எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லவேணும். ஒழுகுது, ரீச்சருக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளை மறந்துபோச்சு. ஆரும் கற்கண்டு வாயைத் திறந்தினமெண்டால் அதோட சரி."

"யோகலிங்கம் ஒத்துக்குவாரா? அவர்ர வாடியே அது."

"அவரிட்ட, உங்கட வாடியில கறையான் எண்டு சொல்லச் சொல்லு."

அசனா போன கையோடு யோகம்மா மகளைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, ஒரு ஐயா வருவார். உனக்கு வாசிக்கத் தெரியுமோ எண்டு கேட்டால் தெரியாதெண்டு சொல்லவேணும்."

"எனக்குத் தெரியுமே, அம்மா."

"அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியக்கூடாது."

"ரீச்சர் பொய் சொல்லக்கூடாதெண்டு..."

"பள்ளிக்கூடம் இருக்கவேணுமோ வேண்டாமோ?"

பத்மாசனி உள்ளே போனாள்.

வந்தவர் கல்விக் கந்தோரைச் சேர்ந்த அதிகாரி இராசநாயகம். வெயிலில் முகம் கறுத்து, சப்பாத்துக்குள் மணல் ஏறி, நொண்டாத குறையாக வந்தார். வீட்டிலிருந்த ஒரே கதிரையில் இருந்து, யோகம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். தண்ணீர் எப்படியென்று அவர் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை.

"அம்மா, நான் பாடசாலைப் பதிவு சம்பந்தமா வந்தனான். பெற்றோரின்ர அபிப்பிராயத்தைக் கேட்டு எழுதவேணும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ."

"சொல்லுறதுக்கு என்ன இருக்கு ஐயா? வாடி ஒழுகுது."

"இப்ப கச்சான் காலமெல்லோ. மழை எங்கை?"

யோகம்மா ஒரு கணம் தடுமாறினாள். "மாரியில ஒழுகும். இப்ப வெயில் ஒழுகுது."

அவர் அதையும் எழுதினார்.

"ரீச்சர் எப்பிடி?"

"பாவம். ஆள் நல்லவ, ஆனால் ஒண்டும் தெரியாது. அடிக்கவும் தெரியாது."

"பிள்ளையில் ஏதும் முன்னேற்றம்?"

"இருந்ததும் போச்சு."

"பிள்ளையைக் கூப்பிடுங்கோ பாப்பம்."

பத்மாசனி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். பெரிய எழுத்தில் நாலு வரி. பிள்ளையின் கண் அதை ஒரே ஓட்டமாக மேலிருந்து கீழே ஓடி முடித்ததை யோகம்மா கண்டாள். அவர் காணவில்லை, பேனையைத் திறந்துகொண்டிருந்தார்.

"வாசியும் பிள்ளை."

பிள்ளை தாயைப் பார்த்தாள். தாய் தலையை மெல்ல ஆட்டினாள்.

"தெரியாது."

"முதல் எழுத்தாவது?"

"தெரியாது" என்றாள் மறுபடியும். காது இரண்டும் சிவந்துபோயின.

இராசநாயகம் பெருமூச்சு விட்டார். மடியில் கொப்பியை வைத்து நிதானமாக எழுதினார். எழுதி முடித்து மைப்பெட்டியை நீட்ட, யோகம்மா பெருவிரலை அழுத்தினாள். இன்னும் சில வீடு இருக்கிறதென்றும் இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டுமென்றும் சொல்லிக்கொண்டு அவர் எழும்பிப் போனார்.

அவர் வேலிப் படலையைத் தாண்டியதும் யோகம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷமாகக் கிணற்றை நினைத்துப் புழுங்கிய மனம் இன்றைக்குத்தான் ஆறியது போலிருந்தது. குரக்கன் ரொட்டி தட்டி, சூடைமீன் குழம்பை ஊற்றி மகளைக் கூப்பிட்டாள்.

"எனக்கு வேண்டாம்."

"ஏன், என்ன கோபம்? ஒரு சின்னச் சொல்லுத்தானே."

"சின்னச் சொல்லில்லை. அவர் அதை எழுதிப்போட்டார். நான் வாசிச்சனான்."

யோகம்மா அகப்பையோடு திரும்பினாள். "என்னண்டு வாசிப்பாய்? கொப்பி அவற்ற பக்கமெல்லோ பாத்துக்கொண்டு இருந்தது."

"தலைகீழா வாசிச்சனான். ரீச்சர் மண்ணில எழுதேக்க நாங்கள் வட்டமா இருக்கிறனாங்கள். ஸல்ஹா எப்பவும் ரீச்சருக்குப் பக்கத்தில ஓடிப்போய் இருந்திடுவாள். எனக்கு எதிர்ப்பக்கம்தான் கிடைக்கும். எனக்கு ரெண்டு பக்கமும் வாசிக்கத் தெரியும்."

"அப்ப... என்ன எழுதினவர்?"

பத்மாசனி எழும்பி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோலச் சொன்னாள்.

"'இப்பிள்ளைக்கு எழுத்தறிவு சிறிதும் இல்லை. பாடசாலையால் பயனில்லையென்று தாயார் கூறுகிறார். பதிவு வழங்கத் தேவையில்லை. மூடிவிடலாம்.' அதுக்குக் கீழதான் நீங்கள் விரல் வைச்சனீங்கள்."

"மூடிவிடலாமோ? எடுக்கலாம் எண்டு எழுதேல்லையோ? வடிவா யோசிச்சுச் சொல்லு."

"எடுக்கிறதெண்டு ஒரு சொல்லும் இல்லை, அம்மா. மூடிவிடலாம் எண்டுதான்."

யோகம்மா அடுப்படியில் அப்படியே இருந்துவிட்டாள். பிள்ளை அனுப்புகிற பதினாறு வீடு. எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லவேண்டுமென்று ஆள்விட்டவள் அவள். இந்நேரம் யோகலிங்கம் தன் சொந்த வாடியில் கறையான் என்று சொல்லி விரல் வைத்திருப்பார். மகளின் முகத்தைப் பார்த்தாள். கிளிவெட்டி நெடுந்தூரம்.

"சட்டையை மாத்து. இல்லை, வேண்டாம். அப்பிடியே வா."

வெளியே மீன் புரட்டும் நேரம். காகம் இரண்டு ஏற்கெனவே வேலியில் வந்திருந்தன. யோகம்மா பாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பனங்கூடலுக்குள் இறங்கினாள். கச்சான் எதிரே நின்று மண்ணை வாரி வாயில் போட்டது.

சந்தியில் மதகுக் கட்டில் குந்தியிருந்து இராசநாயகம் சப்பாத்தைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். பஸ் இன்னும் வரவில்லை.

"ஐயா! ஐயா, நான் சொன்னது பொய்!"

அவர் சப்பாத்தோடு நிமிர்ந்து பார்த்தார். "எது பொய்?"

"எல்லாம்."

"பதினாறு வீட்டில கேட்டுவிட்டன் அம்மா. பதினாறு வீட்டிலயும் ஒரே கதை. ஒழுகுது, ரீச்சருக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளை மறந்துபோச்சு. ஒரு ஆள் கறையான் எண்டும் சொன்னவர். பதினாறு பேருமோ பொய்?"

"ஓம் ஐயா. நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

"ஓகோ. அப்ப இதைச் சொல்லித் தந்தது ரீச்சரோ?"

"ரீச்சர் விடியவே டவுனுக்குப் போட்டா. அவவுக்கு நீங்கள் வந்ததும் தெரியாது, நாங்கள் கெடுத்ததும் தெரியாது."

"நான் வருவனெண்டு அவவுக்குத் தெரியும். பெற்றோருக்குச் சொல்லக்கூடாதெண்டு கடிதம் போட்டனாங்கள். சொல்லேல்லைப் போல கிடக்கு." அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, நல்ல பள்ளிக்கூடத்தை ஏன் கூடாதெண்டு சொன்னனீங்கள்?"

யோகம்மா கிணற்றைச் சொன்னாள். தண்ணீர் வாங்கிக் குடித்தவன் தோளில் தட்டியதைச் சொன்னாள். மாட்டைச் சொன்னாள், தோணியைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அந்த நேரம் பார்த்து, ரோட்டுக்கு அந்தப் பக்கத்து விறகுக் கடையிலிருந்து அசனா புயல் மாதிரி வந்தாள். யோகம்மாவை அதிகாரி நிறுத்திவைத்து விசாரிக்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"தொரை! அந்தப் பொம்புளய விடுங்க! அது பச்ச மண்ணு, ஒண்டும் அறியா! அந்தப் பள்ளிக்கூடம் ஒண்டுக்கும் ஒதவாத பள்ளிக்கூடம்! ரீச்சர் நாள் முழுக்க நண்டு புடிக்கிற!"

"அசனா, வாயை மூடு!"

"நீ பயப்படாதகா, நான் இரிக்கன். தொரை, ஆணையா செல்லுறன், எண்ட புள்ளைக்கு..."

"அசனா! பதிஞ்சால்தான் பள்ளிக்கூடம் இருக்குமாம். பதியாட்டி மூடுவினமாம். நாங்கள் எல்லாருமாச் சேந்து மூடிப்போட்டம்!"

அசனாவின் வாய் திறந்தபடி நின்றது. இராசநாயகத்தைப் பார்த்தாள், யோகம்மாவைப் பார்த்தாள், முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"தொரை," என்றாள் வேறொரு குரலில், "நண்டு புடிக்கிறதும் ஒரு படிப்புத்தானே."

இராசநாயகம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது.

"பாருங்கோ. பதியாமல் பள்ளிக்கூடம் நடத்தச் சட்டத்தில இடமில்லை. பதிஞ்சால் கந்தோர் சிலேட்டு, புத்தகம் தரும். பிள்ளையள் பிறகு டவுனில மேல்வகுப்புக்கும் போகலாம். ஆனால் விரல் வைச்ச பேச்சை நான் சும்மா கிழிக்க ஏலாது. புதுசாச் சொல்லவேணும், புதுசா எழுதவேணும். சொல்லுங்கோ, அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி உங்கட அபிப்பிராயம் என்ன?"

யோகம்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"பரவாயில்லை" என்றாள் கடைசியில்.

"பரவாயில்லை எண்டு எழுதினால் கந்தோரில பதியமாட்டினம்."

"செல்லுகா! போதாதாமே!" என்று அசனா இடித்தாள்.

"நீ சொல்லன்."

"எனக்கும் வருகுதில்லியே. வாய் வழங்குதில்ல."

தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்தது. யோகம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஐயா, ஒண்டு கேக்கட்டோ? நான் நல்லதெண்டு சொல்லி, நீங்கள் பதிஞ்ச பிறகு, பட்டாளம் வந்து வாடியை எடுக்காதோ?"

"கல்விக் கந்தோரும் பட்டாளமும் வேற வேற அம்மா. பதிவு செய்யப்பட்ட பாடசாலைகளைப் பொறுத்தவரையில்..." இராசநாயகம் தொடங்கினார். தொடங்கிய குரலை யோகம்மாவுக்குத் தெரியும். கிணற்றுக்குக் கடதாசி தந்தவனும் அந்தக் குரலில்தான் பேசினான். அவர் பாதியில் நிறுத்திவிட்டார். பெட்டிகள் அடுக்கிய பெரிய பள்ளிக்கூடம் சந்தியிலிருந்து பார்த்தால் தெரியும். அதுவும் பதிந்த பள்ளிக்கூடம்தான்.

"எனக்குத் தெரியாது, அம்மா" என்றார். "எடுக்கமாட்டினம் எண்டு சத்தியம் பண்ண என்னால ஏலாது. உண்மையாத் தெரியாது."

யோகம்மா அவரை முதல்முறையாக நேரே பார்த்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். அவசரமில்லாமல், மீன் விற்கும்போது பேசுவதுபோல.

"அப்ப எழுதுங்கோ ஐயா. ஒருநாள் நான் கூடையோட வேலிப் பக்கம் போறன். ஒரு பிள்ளை ரீச்சரைக் கேக்குது, சப்பான்காரன் ஏன் எங்களுக்குக் குண்டு போட்டவன், நாங்கள் அவனுக்கு என்ன செய்தனாங்கள் எண்டு. நான் நிண்டிட்டன். ஏனெண்டால் எனக்கும் அது தெரியவேணும். என்ர மனிசன் அதுக்கு ஒரு காரணம் சொன்னவர். கோயில் ஐயர் ஒரு காரணம் சொன்னவர். கடைக்காரர் ஒண்டு, பட்டாளத்துச் சமையல்காரன் ஒண்டு. ஆளுக்கொண்டு. ரீச்சர் என்ன சொன்னவ தெரியுமோ? 'எனக்குத் தெரியாது, பிள்ளை' எண்டவ. ஒரு பெரிய ஆள், இருபது பிள்ளையளுக்கு முன்னால. அதுகள் சிரிக்கவுமில்லை. எங்கட அப்பர் சாகும்வரைக்கும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. கூடை பாரமெண்டதையும் மறந்து நிண்டுட்டன் ஐயா. தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுற ஆள், தெரியுமெண்டு சொன்னால் அது உண்மையாத்தான் இருக்கும் எண்டு யோசிச்சன். அதுக்குப் பிறகு, என்ர பிள்ளை பள்ளிக்கூடத்தால வந்து என்ன சொன்னாலும் நான் நம்புறன். இதுதான் என்ர அபிப்பிராயம்."

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் மணியைப் பிடித்தபடி பார்த்தான். இராசநாயகம் எழுதிக்கொண்டே, போ என்று இடக்கையைக் காட்டினார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு டவுன் பக்கம் போனது.

"அடுத்தது அஞ்சு மணிக்குத்தான்" என்றார் அவர், தனக்குத்தானே சொல்வதுபோல. "அதுக்குள்ள மற்றப் பதினைஞ்சு வீடும்..."

"நீங்க நடக்காதீங்க தொரை, இங்கினயே இரிங்க!" அசனா ஏற்கெனவே ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். "நான் எல்லாரையும் இழுத்துக்கிட்டு வாறேன். யோகலிங்கத்தக் கறையானோட கூட்டிட்டு வாறேன்!"

இராசநாயகம் எழுதி முடித்து மைப்பெட்டியை எடுத்தார். யோகம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இந்தமுறை வாசிச்சுக் காட்டினால்தான் விரல் வைப்பன்."

"நான் வாசிக்கிறன், கேளுங்கோ."

"நீங்கள் வேண்டாம். பிள்ளை வாசிக்கட்டும்."

அவர் பத்மாசனியைப் பார்த்தார். எழுத்தறிவில்லையென்று தன் கையால் எழுதிய பிள்ளை. கொப்பியை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தார். பிள்ளை அதை மதகுக் கட்டில் வைத்து, வரியில் விரல் வைக்காமல், தட்டுத்தடுமாறாமல் வாசித்தாள். எழுத்துத் தமிழில் அவர் அடுக்கியிருந்த வசனங்களுக்குள் யோகம்மா தன் பேச்சைத் தேடித் தேடிக் கேட்டாள்.

"கூடை பாரமெண்டதை விட்டிட்டார்" என்றாள்.

"அது அவசியமோ அம்மா?"

"அதுதானே நடந்தது?"

அவர் கூடையையும் சேர்த்தார். யோகம்மா விரலை வைத்தாள். பிறகு இராசநாயகம் கேட்காமலே கொப்பியில் சில பக்கம் பின்னே போனார். யோகம்மாவின் முதல் கைநாட்டு இருந்த பக்கத்தில் நின்று, மூன்று நாலு வரிக்குக் குறுக்காக ஒரு கோடு கிழித்துவிட்டுக் கொப்பியை மூடப்போனார். பத்மாசனி மதகுக் கட்டின் மறுபக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, வடிவா வெட்டுங்கோ" என்றாள். "இன்னும் வாசிக்கேலும்."

இராசநாயகம் பேனையை மறுபடி திறந்தார்.